தொண்ணூற்றொன்றில் தொடங்கும் சம்பந்தி

ஐப்பசி 9, காலை 10.20, தூறல். மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு ஜவுளிக்கடைக்காரரும், அவர் கடைப் போனை இன்டர்நெட் லைனுக்கு மாற்றிக்கொடுத்த அக்கா மகனும்.

"உனக்குப் பொண்ணு பாத்துட்டு வந்து, நமக்குச் சம்மதம்னு சொல்ல மூணு நாளா போன் போடுறேன். ஒரு தடவகூடப் போகல. பொண்ணு வீட்டுல வேற எடம் பாக்குறாகளாம்."

"பொண்ணோட அப்பா நம்பரே தொண்ணூத்தொண்ணுல ஆரம்பிக்குது மாமா. இந்தியாவோட கோடு நம்பரும் அதேதான். அத ஏற்கனவே போட்டாச்சுன்னு நெனச்சு, இன்டர்நெட் மிஷினு முன்னாடி தொண்ணூத்தொண்ணு சேக்காம விட்ருச்சு."

"மிஷினுக்கு அப்பிடிச் சொல்லிக்குடுத்தது யாரு?"

"நாந்தான். நீங்க செல்லுல பேசியிருக்கலாம்ல?"

"நல்ல காரியத்தக் கல்லாவுல ஒக்காந்து கடைப் போன்லதான் பேசுவோம். அதான் நம்ம வழக்கம்."

"சரி, நான் அவருக்கு இதையே வெளக்கிச் சொல்லிர்றேன்."

"வேணாம் மாப்ள! நட்டு கழண்டவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாக. எனக்குக் காய்ச்சல்னு சொல்லு."

காய்ச்சல்காரர் அங்கேயே இருமிப் பழகத் தொடங்கினார். பதினான்கு இருமலை எண்ணி நிமிர்ந்தால், நான் இறங்க வேண்டிய செக்கானூரணி தாண்டிவிட்டது. திரும்பி வர டிக்கெட் பன்னிரண்டு ரூபாய்.