அரிசி டப்பாவில் இருந்த கையெழுத்து

இருந்தவர்கள்: ஆதியம்மாள், கடலோர ஊராட்சி ஒன்றின் தலைவர். எழில், படாளத்திலிருந்து வந்துபோகும் கம்ப்யூட்டர் ஆள். சுவேதா, வார்டு உறுப்பினர், வாசலில் நின்றிருந்தாள். இடம், ஊராட்சி அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறை.

— இதுல என் கையெழுத்து இல்லைன்னா இன்னா நைனா அர்த்தம்? உப்புக்காத்து படக்கூடாதுன்னு ரெண்டு வருசமா இந்த பென்டிரைவ அரிசி டப்பாவுல வெச்சிகினு கீறேன்.

— சிம்பிள், பிரசிடெண்ட் அக்கா. இதுல கீறது சி.இ.ஆர் ஃபைலு. சர்டிபிகேட்டு மட்டும். போட்டது ஆதியம்மாதான்னு மத்தவங்க சரிபாக்கலாம், அவ்ளோதான். இத வெச்சி கையெழுத்து போட முடியாது.

— அப்ப எத வெச்சி போடறது?

— பி.எஃப்.எக்ஸ்னு இன்னொரு ஃபைலு. அதுல சர்டிபிகேட்டும் கீது, உங்க ரகசிய சாவியும் கீது. ரெண்டையும் ஒண்ணா கட்டி பாஸ்வேர்டு போட்டு வெச்சிருக்கும்.

— நம்ம படகு ஏத்துற கரைய ரிசார்ட்டுக்கு வுட்டுட்டதா தீர்மானம் போயிருக்குது. என் பேரு, என் கையெழுத்து. நான் போடல. டப்பாவத் தொறந்து எவரோ எடுத்துட்டாங்கன்னு மருமவள வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அது சோறு துன்னாம அம்மா வூட்டுக்குப் போயிடிச்சி.

— பாவம்க்கா அவங்க. இத ஊரே எடுத்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.

— அந்த இன்னொண்ணு எத்தினி எடத்துல கீது?

— இந்த சிஸ்டத்துல மட்டுந்தான். ஒண்ணே ஒண்ணு, காப்பி கெடையாது. பாஸ்வேர்டு என் மண்டையில. செம சேஃப்டி.

— அப்ப அந்தத் தீர்மானம்?

— நீங்க போன்ல சொல்லியிருப்பீங்க, நான் போட்டிருப்பேன். ஆயிரம் வேலையில மறந்துட்டிருப்பீங்க. டென்சன் ஆவாதீங்க.

— இருக்கும்.

— எழிலு, உன் வண்டிய நவுத்துப்பா. ஐஸ் ஆட்டோ போவ வழியில்ல.

— தோ வெளிய வந்துட்டேன் சுவேதாக்கா… இன்னாக்கா, ஆட்டோவையே காணோம்? ஏன் கதவ சாத்துறீங்க? சிஸ்டத்த இன்னும் ஆஃப் பண்ணல.

— வாணாம். அப்டியே இருக்கட்டும். சுவேதா, பூட்டுனியா? இழுத்துப் பாரு.

— தொங்கியே பாத்துட்டேன்க்கா.

— அக்கா, இன்னா இது, வெளாட்டா?

— தீர்மானத்துல தேதியும் மணியும் போட்டிருக்குது நைனா. பன்னெண்டாந்தேதி, காலைல பதினொண்ணு. அணுபுரத்துல தங்கச்சி வூட்டுக்குப் போறேன்னு ஊருக்கு சொல்லிட்டு, அன்னிக்கு நான் செங்கல்பட்டு ஆஸ்பத்திரில வயித்தக் கிழிச்சிகினு மயக்கத்துல கெடந்தேன். போலீசு வர்ற வரைக்கும் உன் ஃபைலு உள்ளயே இருக்கட்டும். இந்தக் கதவுக்கும் ஒரே சாவிதான். காப்பி கெடையாது.