வலது ஓரத்து நிரை

அன்றைக்கு மழை இல்லை. பனிமூட்டம்கூடப் பத்து மணிக்கே விலகிவிட்டது. யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாராவது விசாரித்தால் குழப்பம் வராது.

1936 மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை. மைதானத்துக்கு மேற்கே, தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம், கொட்டகை போட்டு மூன்று பிரம்பு நாற்காலிகள். நடுவில் எங்கள் தோட்டத்துத் துரை. அவருக்கு இடப்பக்கம் துரைசாணி. வலப்பக்கம், கினிகத்தேனைப் பக்கத்திலிருந்து தன் கால்பந்து அணியோடு வந்திருந்த வேறொரு தோட்டத்துத் துரை. பின்னால் வாங்குப் பலகையில் பெரிய கிளாக்கர் ஞானரட்ணமும் டிஸ்பென்சர் மயில்வாகனமும். கிழக்கே சரிவில், லயங்களில் குடியிருக்கும் தோட்டத்து ஜனம் முழுவதும். சரிவின் அடியில் ஒரு பாறையில் வேலாயி, எங்கள் ஆட்டக்காரன் சோலைமலையின் தாய். அவளுக்குப் பக்கத்தில் வாய் ஓயாத அம்மாக்கண்ணு.

நான் வலது ஓரத்து மூலைக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். "மாஸ்டர் எப்பவும் நடுக்கோட்டுலதானே இருப்பீங்க?" என்று ஞானரட்ணம் பிறகு கேட்டார். மூலையில் இருந்தால் அந்த ஓரம் நன்றாகத் தெரியும் என்றேன். அது உண்மை.

என் பெயர் சூசைரட்ணம். ஹட்டனில் எட்டாவது வரை படித்தேன். கடிதம் எழுதும் முறையை அங்கேதான் பழகினேன். தேதி போட வேண்டும், நகல் வைத்துக்கொள்ள வேண்டும், எழுதியது உண்மையாயிருக்க வேண்டும். இந்த மூன்றையும் இன்றுவரை விட்டதில்லை.

கொழும்பில் ஒன்பது வருஷம் பந்தாடினேன். துறைமுகத்துக் கம்பனி ஒன்றின் கிளப். சம்பளப் புத்தகத்தில் நான் சரக்குக் கிட்டங்கிக் காவலாளி. உண்மையில் என்னை ஆட்டத்துக்காகத்தான் வைத்திருந்தார்கள். வலது ஓரம் என் இடம். பத்தாவது வருஷம் முழங்கால் போயிற்று. அதன் பிறகு நிஜமாகவே காவலாளி ஆக்கினார்கள். எனக்காகக் கைதட்டியவர்கள் கிட்டங்கி வாசலில் என்னைத் தாண்டிப் போவார்கள். ஒருவர்கூட அடையாளம் கண்டதில்லை. ஊர் திரும்பினேன். துரைக்குப் பந்தாட்டத்தில் பைத்தியம். தோட்டத்து அணியைப் பழக்கும்படி என்னை வைத்துக்கொண்டார்.

எங்கள் பையன்கள் வெறுங்காலோடு ஆடுகிறவர்கள். அதனால் ஒரு முறை வைத்திருந்தேன். தேயிலை கிள்ளப் போனால் ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள் அல்லவா, அதேபோல மைதானத்தையும் பதினொரு நிரையாகப் பிரித்தேன். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் வரிசையாக நின்று, ஆளுக்கொரு நிரையில், காலால் புல்லைத் தடவித் தடவி இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல்வரை நடக்க வேண்டும். கல், கண்ணாடி, முள் எது தட்டுப்பட்டாலும் எடுத்துவிட வேண்டும். முடித்ததும் "சுத்தம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பதினொரு சுத்தம் கேட்ட பிறகுதான் ஆட்டம். ஒருவன் சுத்தம் என்று சொன்ன நிரையில் மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடுவார்கள்.

வலது ஓரத்து நிரையை மட்டும் நான் நடந்தேன். அந்த இடத்தில் ஆடிய சோலைமலை காலைக் களைப்பாக்க வேண்டாமே என்று.

சோலைமலையைப் பற்றி நியாயமாகவே எழுத வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற பையன், வயது இருபது. பந்து அவன் காலுக்கு வந்தால் சரிவில் இருக்கிற ஜனம் எழுந்து நின்றுவிடும். மூலைக்கொடிவரை பந்தை உருட்டிக்கொண்டு போவான். கொடிக்கு இரண்டு முழம் முன்னால் இடது காலை ஊன்றிச் சட்டென்று உள்ளே திரும்புவான். எதிராளி கோட்டுக்கு வெளியே போய் விழுவான். இந்தத் திருப்பத்தை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அது வந்ததே இல்லை.

கொழும்புக் கிளப்பின் காரியதரிசி எனக்கு எழுதினார். சோலைமலையைத் திங்கட்கிழமை 9ஆம் தேதி ரயிலில் அனுப்பி வைக்கும்படியும், "உம்முடைய பழைய இடத்துக்கு இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சரியான ஆள் கிடைத்திருக்கிறார்" என்றும். அந்த வாக்கியம் என்னைப் புண்படுத்தவில்லை. கண்ணில் பட்டது, மனதில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கடிதம் வந்த சேதி ஆபீஸிலிருந்து லயத்துக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை வேலை முடிந்து சோலைமலை என் அறைக்கு வந்தான். கத்தியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து நின்றான்.

"வர்றேன்னு எழுதிருங்க மாஸ்டர். அம்மாகிட்டயும் சொல்லிட்டேங்க. முழு ராத்திரியும் அழுதுச்சு, காலைல எந்திரிச்சு என் வேட்டிய தொவச்சுப் போட்டுருச்சு."

"பயமில்லையா?"

"கடலு மட்டுந்தாங்க பயம். அதுல எறங்கச் சொல்ல மாட்டாங்கள்ல?"

சிரித்தேன். அவன் முன்னாலேயே உட்கார்ந்து இங்கிலீஷில் மூன்று வரி எழுதினேன். அவனுக்குத் தமிழும் படிக்கத் தெரியாது. பேனா போகிற பக்கமெல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் உறையை ஒட்டியதும் இரண்டு கையாலும் வாங்கி, அவனே ஆபீஸில் கொண்டுபோய்த் தபாலில் சேர்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் சுத்தம் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

முதல் பாதியில் கோல் இல்லை. அந்த மூலைக்கு யாரும் வரவில்லை. ஆனாலும் அந்த நேரம் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வேறு யாராவது பையன் மிதித்துவிட்டால் அது அநியாயமாகிவிடும். பாதியாட்டம் முடிந்து அணிகள் பக்கம் மாறின. இப்போது எங்கள் வலது ஓரம் என் பெட்டிக்கு முன்னால்.

"எலே சோலமல, இப்பவே கொழும்புக்குப் போயிட்டியா? காலு இங்க இருக்கு, ஆளக் காணோம்!" என்று அம்மாக்கண்ணு சரிவிலிருந்து கத்தினாள். ஜனம் சிரித்தது. வேலாயி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் பந்தை வாங்கினான். ஓரத்தோடு ஓடி வந்தான். ஜனம் எழுந்தது. கொடிக்கு இரண்டு முழம் முன்னால் இடது காலை ஊன்றினான்.

நான்தான் முதலில் ஓடினேன். நான்தான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன், முழங்கால் வலியோடு ஒன்றே கால் மைல். ஐந்தாம் நாள் புண் கறுத்தது. கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். அன்று வேலாயி என் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க தூக்கிட்டு ஓடலேன்னா எம்புள்ள உசுரே போயிருக்கும் சாமி" என்றாள். நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவளோடு வாதாடுவது சரியல்ல.

அது கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி. ஒரு சாண் நீளம். காய்ந்தால் இரும்புமாதிரி ஆகிவிடும். தொழிற்சாலைப் பக்கத்து மலையில், சோலைமலையின் கத்தியே வெட்டிப் போட்டதாகக்கூட இருக்கலாம். நுனியை நான் மேலும் சீவினேன். சனிக்கிழமை பகல், எல்லாரும் சம்பள வாசலில் நின்றபோது, கல்லால் தட்டி மண்ணில் இறக்கினேன். புல்லின் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே நுனி. அவனைத் தூக்கக் குனிந்தபோது பிடுங்கிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். இப்போது அது இந்தத் தாளின் மேல் இருக்கிறது, காற்றுக்குப் பறக்காமல்.

கிளப்புக்கு நான் எழுதிய மூன்று வரி இதுதான்: "சோலைமலைக்கு இடது காலில் பலத்த காயம். இனி ஆட இயலாது. வருந்துகிறேன்." நகல் என்னிடம் இருக்கிறது. தேதி மார்ச் 5. ஆட்டத்துக்கு மூன்று நாள் முந்தியது. யாரும் தேதியைப் பார்க்கவில்லை.

அவனைக் காப்பாற்றத்தான் செய்தேன். ஒன்பது வருஷம் கைதட்டல் கேட்டுவிட்டுப் பிறகு கிட்டங்கி வாசலில் நிற்பது என்னவென்று அவனுக்குத் தெரியாது. இங்கே வெயில்படாத வேலை அவனுக்கு. ஆபீஸில் தபால் பைக்கும் உறைகளுக்கும் அரக்கு வைக்கிறான். துரையிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான்.

எனக்கு மட்டும் சில சிரமங்கள். காலையில் கட்டிலிலிருந்து காலை இறக்குவதற்கு முன், குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்க்கிறேன். வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் நடக்கிறேன். பனி இறங்கிய நாளில் மைதானத்துப் பக்கம் போனால் மூலைக்கொடிப் பக்கமிருந்து "சுத்தம்" என்று ஒரு குரல் வருகிறது. அது சோலைமலையின் குரலாக இருந்தால் பரவாயில்லை. என் குரல்.

இன்று 1938 மார்ச் 3, வியாழக்கிழமை. கிளப்பிலிருந்து போன வாரம் மறுபடியும் கடிதம் வந்தது. இந்த முறை பழனியாண்டியைக் கேட்டிருக்கிறார்கள். இப்போது வலது ஓரம் அவன்தான். அந்தத் திருப்பத்தைச் சோலைமலை ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தபடி, ஊன்றுகட்டையால் மண்ணில் கோடு போட்டுக் காட்டி, அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். பழனியாண்டியும் அப்படியே செய்கிறான்.

மத்தியானம் பழனியாண்டி பக்கத்தில் நிற்க, பதில் எழுதினேன். மூன்று வரி. நகல் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன்.

"யாருக்குங்க மாஸ்டர்?" என்றான் சோலைமலை.

"கொழும்புக்கு."

"பழனியாண்டி விசயமா?"

"ஆமா."

அரக்கை மெழுகுவர்த்தியில் காட்டினான். சொட்டு உறையின் மேல் விழுந்து வட்டமாகப் பரவியது. முத்திரையைக் கையில் எடுத்தவன் உடனே அழுத்தவில்லை.

"ஞாயித்துக்கெழம அந்த வலது ஓரத்து நிரைய நான் நடக்கட்டுங்களா?"

"ஒனக்கு எதுக்குச் சிரமம்?"

"இன்னொரு காலு இருக்குதுங்களே மாஸ்டர்."

அவன் முகத்தில் ஒன்றுமில்லை. நானே நடக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் என் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு முத்திரையை அழுத்தினான். நல்ல சுத்தமான முத்திரை. உறை பைக்குள் போயிற்று. தபால்கார நாகலிங்கம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஹட்டன் ரோட்டில் இறங்கினான். திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

பழனியாண்டிக்கு இடது காலில் பலத்த காயம் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. கடிதத்தில் நான் பொய் எழுதுகிறவனல்ல.