இருபத்தெட்டு டிகிரித் தண்ணீர்

திறந்த வெளியில் மீன்தொட்டி வைத்து, வருடம் முழுக்கத் தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மூன்று பக்கம் தெர்மோகோல் ஒட்ட வேண்டும். மேலே தார்ப்பாய். உள்ளே ஒரு ஹீட்டர். இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே போனால் தானே எரியும், ஏறினால் தானே அணையும். சித்திரையில் அதற்கு வேலை இல்லை, நமக்குத்தான் ஈரச்சாக்கு போடும் வேலை. மார்கழிப் பனியில் அது இல்லாவிட்டால் டிஸ்கஸ் மீன் கறுத்து, மூலையில் ஒதுங்கி, நாலு நாளில் மிதந்துவிடும்.

மீன்கள் என் மகன் ஃபாஜில் விட்டுப்போனவை. கத்தாரில் இருக்கிறான். லீவில் வந்தபோது சென்னையிலிருந்து ஆறு வாங்கிவந்தான். தட்டு மாதிரி வட்டம், செம்பு நிறம். கிளம்பும்போது, "அத்தா, இதுங்க செத்துப்போச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லிடாதீங்க" என்றான். அதுவரை எப்போதாவது பேசியவன், பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் வந்தான். மீனைப் பார்க்கத்தான் வந்தான். ஓரத்தில் என் கட்டைவிரலும் தெரியும். எனக்கு அது போதுமாக இருந்தது.

"அது உள்ள வந்தா நான் வெளிய" என்றாள் என் மனைவி கமருன்னிஸா. யோசித்துப் பார்த்து மீனைத்தான் வெளியே வைத்தேன். அப்போதும் விடவில்லை. "கரண்டையும் தண்ணியையும் ஒண்ணா வெக்கிறது, மவுத்துக்கு வெத்தலப்பாக்கு வெச்சு அழைக்கிறதுங்க" என்று சாவைச் சொல்லிப் பயமுறுத்தி, வீட்டு லைனில் மாட்டிய பிளக்கை மூன்று தடவை பிடுங்கிப்போட்டாள்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீரையன் வயல். நாற்பதடியில் அவருடைய மோட்டார் கொட்டகை. விவசாய லைன், மீட்டர் கிடையாது, இலவசம். அவர் வளைகாப்புக்காகப் பூதலூர் போயிருந்த அன்று அங்கிருந்து ஒயர் இழுத்தேன். மூன்று துண்டு, இரண்டு முடிச்சு, மேலே டேப். வரப்பில் கொஞ்சம் மண்ணைக் கீறி, புல்லுக்கு அடியில் புதைத்தேன். யாருக்கும் நட்டம் இல்லை.

மறுவாரம் வீரையன் வந்து தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்னா பாய், வெதுவெதுன்னு இருக்கு?"

"தெனம் ஒரு டம்ளர் மிளகு ரசம் ஊத்துறேன். உள்சூடு."

"போன வருசம் உங்க ஆடு பஸ் ஏறி நீடாமங்கலம் போயிடுச்சுன்னீங்க."

"திரும்பியும் வந்துச்சே."

சிரித்துச் சிரித்து சுவரைப் பிடித்துக்கொண்டார். ஊர் முழுக்கச் சொன்னார். ரசம் அவ்வளவு நன்றாக ஓடியதால் ஒயரைப் பற்றிச் சொல்ல எனக்கு இடமே வரவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. சம்பாப் பயிர் முழங்காலளவு தண்ணீரில் நின்றது. வெள்ளிக்கிழமை காலை மழை சற்று விட்டிருந்தது. நான் தொட்டியருகே போனைப் பிடித்தபடி நின்றேன். ஃபாஜில் மீன்களை எண்ணிக்கொண்டிருந்தான். வீரையன் இரும்புக் குழாய்ப் பிடி போட்ட மண்வெட்டியோடு வந்தார். வரப்பை வெட்டித் தண்ணீரை வடிக்கப் போகிறார். என் சுவருக்கு நேராக வந்து நின்று, உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார்.

அந்த இடம் எனக்குத் தெரியும். ஒரு குரல் கொடுத்தால் போதும். ஏன் என்று கேட்பார். அந்த நேரம் பார்த்து ஃபாஜில், "பெருநாளைக்கு வந்துடுறேன் அத்தா, ரெண்டு மாசம் இருப்பேன்" என்றான். மூன்று வருடமாக நான் காத்திருந்த பேச்சு. வரப்பு நீளமானது, ஒரு முழம் தள்ளி வெட்டக் கூடாதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

முதல் வெட்டில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வெட்டில் விழுந்தார்.

"சிக்னல் இல்ல, வெக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். கொட்டகைக்குப் போய்க் கம்பியைப் பிடுங்கினேன். ஒயரைப் புல்லிலிருந்து உருவி, முழங்கையில் சுற்றி, கோழிக்கூண்டுக்குள் வைத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். போகும்போது அவர் விரல்கள் சேற்றில் அசைந்துகொண்டிருந்தன. திரும்பும்போது அசையவில்லை. அதன்பிறகு கத்தினேன். நன்றாகவே கத்தினேன், தொண்டை கட்டி மூன்று நாள் பேச்சில்லை.

வீரையன் மகன் சூர்யபிரகாஷ் எலக்ட்ரீஷியன். கொட்டகை ஸ்டார்ட்டர் பெட்டியை முந்தின மாதம் அவன்தான் மாற்றியிருந்தான். கரண்ட் ஆபீஸிலிருந்து பார்க்க வந்தவர்கள், எர்த் கம்பி கழன்று கிடக்கிறது, அதனால்தான் தண்ணீரில் கரண்ட் இறங்கியது என்றார்கள். நான் அவசரத்தில் பிடுங்கியபோது கழன்றிருக்கும். அவன் அம்மா ஞானாம்பாள், "பெத்த புள்ளையே கொள்ளி வெச்சுட்டானே, உசுரோட" என்று தெருவில் விழுந்து அழுதாள். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு போடுகிறாள், பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

அவன் வேலைச் சாமான்களைச் சாக்கில் கட்டிப் போட்டுவிட்டு என் தொட்டியருகே வந்து உட்காருவான்.

"மாமா, எர்த்த முறுக்குனேனா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஞாபகம் வரமாட்டேங்குது."

"விதி தம்பி" என்பேன்.

எனக்கும் சுகமில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தொழுகையில் நெற்றியைப் பாயில் வைத்தால் வயல் சேறு மணக்கிறது. கமருன்னிஸா ரசம் ஊற்ற வந்தால் இலையை மூடிவிடுகிறேன். வீரையனைக் கொன்றது நான். அவர் பிள்ளை அதைச் சுமக்கிறான். இரண்டையும் ஒவ்வொரு நாளும் அறிந்துதான் எழுந்திருக்கிறேன்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தேன் என்று சொல்லக் கூடாது. மார்கழி பிறந்ததும் அவனை அழைத்து, மோட்டார் கொட்டகையிலிருந்து தொட்டிக்கு முறையாக ஒரு லைன் இழுக்கச் சொன்னேன். அவன் பயம் தெளிய வேண்டுமே. ஒயர் புதிதாக வாங்கவில்லை, கோழிக்கூண்டில் இருந்ததையே வெட்டுப்பட்ட இடத்தை நறுக்கி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். குழாய் புதைத்தான், இரண்டு இடத்தில் எர்த் கொடுத்தான். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது முடித்தான். ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"நீங்க ஒருத்தர்தான் மாமா, என்னைய நம்பி கையில ஒயரக் குடுத்தீங்க."

ஃபாஜில் பெருநாளைக்கு வரவில்லை. மீன் ஆறும் இருக்கின்றன. சூர்யபிரகாஷ் மறுபடி வேலைக்குப் போகிறான். அந்தப் பிள்ளையை நான் தூக்கி நிறுத்தியதுபோல், அவன் அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார்.