ஏழாவது மாடியில் கேட்ட நற்செய்தி

இந்த மகிழ்ச்சியான மாலைக்குத் தலைமை தாங்கி, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கும் எங்கள் போதகர் ஐயா அவர்களே, அவருக்கு இருபுறமும் தூண்களாய் வீற்றிருக்கும் சபை மூப்பர்களே, பிள்ளையை மடியிலும் பிரார்த்தனையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, இடமில்லாமல் சுவரோடு சுவராய் நிற்கும் சகோதரர்களே, மின்விசிறிக்குக் கீழே முன்கூட்டியே இடம்பிடித்துவிட்ட கெட்டிக்காரர்களே, உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்.

'கலங்கிய உலகத்தில் கிறிஸ்துவைப் பகிர்வது எப்படி' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரனுக்கு ஏன் இந்தத் தலைப்பு? மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்ற ஒரே தகுதிதான். சிரிக்கிறீர்கள். என் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆனால் இன்றைக்கு நான் சொல்லப்போவது என் பேச்சைப் பற்றி அல்ல. என் பேச்சு எனக்கு உதவாமல் போன ஒரு நாளைப் பற்றி.

போன வருடத்துக் கலவரம் யாருக்கு மறக்கும்? கடைகள் எரிந்தன, கண்ணாடிகள் நொறுங்கின, காலையில் போனவர்கள் மாலையில் திரும்பவில்லை. அப்படியொரு நாளில், முற்பகல் பத்து மணிக்கு, ஊரடங்கைத் தளர்த்திய இரண்டு மணி நேரத்தில் ரொட்டி வாங்கிக்கொண்டு எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ஏறினேன். எனக்கு எட்டாவது மாடி. கூட ஏறியவர் ஒன்பதாவது மாடி டீச்சர். பன்னிரண்டு வருடமாக அண்டை வீடு. பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் பேசியது என்ன தெரியுமா? "லிஃப்ட் மேல போகுதா சார்?" "ஆமாங்க, மேலதான்." அவ்வளவுதான். அவருடைய தம்பி அந்தக் கலவரத்தில் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. துக்கம் கேட்கக்கூட நான் ஒரு மாடி ஏறிப் போகவில்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் நாளைத் தள்ளிக்கொண்டே வந்திருந்தேன்.

ஆறு மாடி தாண்டியது. எங்கோ பெரிதாக ஒரு வெடிச்சத்தம். விளக்கு அணைந்தது. லிஃப்ட் குலுங்கி நின்றது.

டீச்சருக்கு மூச்சு வாங்கியது. "மெதுவா மூச்சை இழுத்து விடுங்க" என்றேன். காவலாளிக்குப் போன் போட்டேன். "ஆள் வருதுங்க சார்" என்றார். அப்போதுதான் இருட்டில் அந்த அம்மா கேட்டார்:

"சார், தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறீங்களே. உங்க கடவுள் இப்ப எங்க இருக்காரு? என் தம்பி விழுந்து கெடந்தப்ப எங்க இருந்தாரு?"

எத்தனை மேடை பார்த்தவன் நான். எத்தனை கைதட்டல் வாங்கியவன் நான். எதுகையும் மோனையும் என் வீட்டு வேலைக்காரர்கள் என்று இறுமாந்தவன் நான். அந்த ஆறடிப் பெட்டிக்குள் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அரைமணி கழித்து ஏழாவது மாடியில் யாரோ வெளிக்கதவைச் சாவி போட்டு நகர்த்தினார்கள். எங்கள் தலைக்கு மேலே கீற்றாக வெளிச்சம். வந்தது யார்? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே, தலையைக் குனிகிறாரே, அவர்தான். நம் லிஃப்ட் மெக்கானிக். நாம் 'ஒத்தைச்சொல்' என்று கூப்பிடும் தம்பி. திக்குவாய் என்பதால் எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் சொல்லி நழுவிவிடுவாரே, அவரேதான்.

"ப... ப... பய..." என்றார்.

டீச்சர் அழ ஆரம்பித்துவிட்டார். "வெளியில நிக்கிறவரே பயந்து நடுங்குறாரே சார், நம்ம கதி என்ன?"

பாவம், அவர் சொல்ல வந்தது 'பயப்படாதீங்க'. அது பாதியில் நின்றது. பிறகு என்ன கேட்டது தெரியுமா? பாட்டு. தாய்மார்களே, பேசினால் திக்குகிறவருக்குப் பாடினால் திக்குவதில்லை. நாம் காலை ஆராதனையில் பாடும் ராகத்திலேயே, சொந்தமாகச் சொல் கட்டி, எச்சரிக்கை பாடினார்:

*கதவைத் தொடாதே கண்மணியே,*
*கையைக் கட்டி நின்றிடுவாய்.*
*மேலே போறேன், சக்கரம் சுத்துறேன்,*
*மெல்ல அசையும், அஞ்சாதே.*

தலைமையாசிரியர் வேலை பார்க்கிற அம்மாவைக் கண்மணியே என்றுவிட்டார். ராகத்துக்கு வேண்டியிருந்ததாம். அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சாவுக்கு நடுங்கிய இரண்டு பேர் இருட்டில் சிரித்தோம்.

பிறகு உச்சியிலுள்ள இயந்திர அறைக்கு ஏறி, இரண்டு ஆள் செய்யவேண்டிய வேலையை ஒற்றை ஆளாய்ச் செய்தார். ஒரு கையால் பிரேக்கை விடுவிப்பது, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுவது. ஒரு சுற்றுக்குப் பெட்டி விரல் அகலம்தான் நகரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் அடி பாடினார். அந்தக் குரல் கம்பி வழியே இறங்கி எங்கள் தலைமேல் விழுந்தது. வெளியே வெடி, உள்ளே பாட்டு. வெளியே வெறி, உள்ளே துதி. கடைசியில் டீச்சரும் வார்த்தை தெரியாமல் கூடவே முனகினார்.

பெட்டி ஏழாவது மாடிக்கு வந்ததும் தம்பி கீழே இறங்கி வந்து கதவைத் திறந்தார். டீச்சர் ஏழாவது மாடித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தம்பியின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தன.

"தெருவுல சுடுறாங்கன்னு தெரியுமில்ல? எதுக்குப்பா வந்தீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

பாடியிருக்கலாம். சுலபமாக வந்திருக்கும். தம்பி பாடவில்லை. வாய் திறந்து, "ந... நா..." என்று போராடினார். நான் வழக்கம்போல முந்திக்கொண்டு அந்த வாக்கியத்தை முடித்துவைக்கப் போனேன். டீச்சர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"அவரே சொல்லட்டும் சார்."

காத்திருந்தோம். நெற்றி வியர்த்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சொல் சொல்லாக வெளியே வந்தது.

"நா... நான் மா... மாட்டிக்கிட்டிருந்தப்ப, இயேசு என்... என்னைத் தேடி வந்தாரு. அ... அதான் நானும் வந்தேன்."

இரண்டு நிமிடம் பிடித்தது. முப்பது வருடமாக நான் பேசிய பேச்சையெல்லாம் ஒரு தட்டில் வையுங்கள். எனக்கு இந்த இரண்டு நிமிடம் போதும்.

டீச்சர் கேட்ட கேள்விக்கு அதில் விடை இருந்ததா? முழு விடை இல்லை. அவரே பிறகு என்னிடம் சொன்னார்: "என் தம்பி ஏன் போனான்னு எனக்கு இன்னும் தெரியாது சார். ஆனா தேடி வர்ற ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சது. அது யாருன்னு பார்க்கணும்போல இருந்தது." தெரு திறந்த முதல் ஞாயிறு, மெக்கானிக் தம்பி பக்கத்தில் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். எட்டு மாதம் கேள்வி கேட்டார். போதகர் ஐயாவையே திணறடித்தார். ஐயா தலையாட்டுகிறார் பாருங்கள். போன மாதம் ஞானஸ்நானம் பெற்றார்.

அன்பானவர்களே, உலகம் கலங்கித்தான் இருக்கிறது. கலங்கிய உலகம் உங்களிடம் கேட்பது கவிதையா? கணீரென்ற குரலா? மாட்டிக்கொண்டவனைத் தேடி நாலு தெரு நடக்கும் கால்களைக் கேட்கிறது. நடந்து போய், ஏன் வந்தாய் என்று கேட்கும்போது, வெட்கப்படாமல் அவர் பெயரைச் சொல்லும் வாயைக் கேட்கிறது. திக்கிச் சொன்னாலும் போதும். போவீர்களா? சொல்வீர்களா? கை தட்டவேண்டாம், போய்ச் சொல்லுங்கள்.

இன்று காலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். மறுபடி மின்சாரம் இல்லை, மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. நான் போர்வைக்குள் இருந்தேன். கதவு தட்டப்பட்டது. டீச்சர் இரண்டு வாளியோடு நிற்கிறார்.

"சார், பதினொண்ணாவது மாடிக்குப் புதுசா ஒரு பெரியவர் தனியா வந்திருக்காரு. யாரோடயும் பேச மாட்டாராம், கதவையும் திறக்க மாட்டாராம். தண்ணி கொண்டு போவோம், வாங்க. திறந்தா பேசுவோம். திறக்கலைன்னா வாசல்ல வச்சிட்டு நாளைக்கும் போவோம்."

போனோம். மூச்சிரைக்க மூன்று மாடி ஏறினோம். பெரியவர் கதவைத் திறந்தார். முதலில் வாளியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். "யாரு நீங்க, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பதிலை அவரே சொன்னார்.

இவ்வளவு நேரம் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட போதகர் ஐயாவுக்கும் நன்றி. தேடி வந்தவருடைய சமாதானம் உங்கள் வீடுகளோடும் வீதிகளோடும் இருப்பதாக. வணக்கம்.