மிஸ் ஒலீட்டா கேட்லின் கதவில் தொங்கிய அட்டை

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு முதலில் என்னை மன்னியுங்கள். மணி இரண்டாகிறது. குழந்தை ஜூனிக்கு இருமல். நாளை மாலை இரங்கல் கூட்டத்தில் உங்கள் முன் நின்று நான் பேச வேண்டியது. முடியாது என்று தெரிந்துவிட்டதால் எழுதி அனுப்புகிறேன். பாதிரியார் கூட்டத்தில் வாசிப்பார். வர முடியாதவர்களுக்கு அவரவர் தொலைபேசிக்கும் வந்து சேரும்.

மேடையில் வீற்றிருக்கும் பாதிரியார் லெம்யூவல் ஓட்ஸ் அவர்களே! தீயணைப்பு நிலையத் தலைவர் ஹாய்ட் அவர்களே! நாற்பது ஆண்டுகள் மிஸ் ஒலீட்டாவோடு சண்டை போட்டே நட்பை வளர்த்த திரு. டர்மன் அவர்களே! தேவாலயக் கூடத்தின் மடக்கு நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் டென்பி நகரத்து என் மக்களே! உங்கள் அனைவருக்கும் கெரிஸ் வெதர்பியின் வணக்கம்.

யாரை இழந்து இங்கே கூடியிருக்கிறோம்? முப்பத்தோராண்டுகள் நம் பள்ளிப் பேருந்தை ஓட்டியவரையா? ஆம். ஞாயிறு தவறாமல் பாடகர் குழுவின் பின்வரிசையில் சுருதி விலகிப் பாடியவரையா? ஆம், அவரையும்தான். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக நம் சனிக்கிழமைகளின் தலைவியை இழந்திருக்கிறோம்! ஊரே ஒன்றாக உட்கார்ந்து ஆட்டம் பார்க்கும் சனிக்கிழமைக் கூடத்தின் நிறுவனர், செயலாளர், ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் உரிமை பெற்ற ஒரே மனுஷி, மிஸ் ஒலீட்டா கேட்லின் அவர்களை இழந்திருக்கிறோம்!

ஒரு காலத்தில் ஆட்டம் பார்ப்பது எளிதாக இருந்தது. கூரையில் ஆன்டெனா, வீட்டில் ஒரு பெட்டி, அவ்வளவுதான். பிறகு என்ன ஆயிற்று? நம் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியான மீன்கொத்திகள் ஒரு வாரம் ஒரு சேனலில் ஆடினார்கள், மறு வாரம் இன்னொரு செயலியில் ஆடினார்கள், அதற்கடுத்த வாரம் யாரும் கேள்விப்படாத எதிலோ ஆடினார்கள். எண்பது வயதுக்காரர்கள் கடவுச்சொல்லோடு மல்லுக்கட்ட முடியுமா? வியாழக்கிழமைதோறும் மிஸ் ஒலீட்டா நான்கு நிறப் பேனாக்களால் பட்டியல் எழுதிக் கூடத்துக் கதவில் ஒட்டினார். எந்த ஆட்டம், எத்தனை மணிக்கு, எந்தப் பொத்தான். வீட்டைவிட்டு வர முடியாதவர்களின் வீட்டுக்கே போய், செயலியைத் திறந்து வைத்துவிட்டு வந்தார்.

ஒரு முறை திரு. டர்மன் கூடத்தின் பின்வரிசையில் காதில் வானொலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம் திரையில் வரும் ஆட்டம் வானொலியைவிட முக்கால் நிமிஷம் பிந்தி வரும். திரையில் பந்தை இன்னும் எறியவே இல்லை. இவர் எழுந்து கைதட்டிவிட்டார்!

"டர்மன், அந்தப் பெட்டிய இப்படிக் குடு."

"நான் வாயே தொறக்கலையே!"

"உன் மூஞ்சி தொறந்திருக்கு. போய் பார்க்கிங்ல உக்காந்து கேளு. முடிஞ்சதும் கூப்பிடுறேன்."

ஆட்டத்தின் அந்தப் பாதி முழுக்கத் திரு. டர்மன் வெளியே தன் வண்டியில்தான் இருந்தார். நடுவில் மிஸ் ஒலீட்டாவே ஒரு காகிதக் கிண்ணத்தில் வேகவைத்த கடலையைக் கொண்டுபோய் ஜன்னல் வழியே கொடுத்தார்.

ஆம், நண்பர்களே, அதுதான் அவருடைய ஒரே சட்டம். ஆட்டத்தைப் பார்க்காதவரிடம் முடிவைச் சொல்லாதே! வேலைக்குப் போனவர், மருத்துவமனையில் இருப்பவர், பயணத்தில் இருப்பவர், யாராக இருந்தாலும் அவர் பதிவைப் போட்டுப் பார்த்து முடிக்கும்வரை ஊரே வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்காக அவர் எல்லோருக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். "இன்னும் பார்க்கவில்லை. சொல்லாதீர்கள்." வாசலில் தொங்கவிட்டால் போதும்.

அந்த அட்டையின் அருமை எனக்குத் தெரியும். சென்ற ஆண்டு பெரிய போட்டி நடந்த அதே சனிக்கிழமை ஜூனி பிறந்தாள். அப்போது நான் இந்த ஊருக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை, யாரையும் சரியாகத் தெரியாது. மிஸ் ஒலீட்டா மருத்துவமனைக் கட்டிலில் அட்டையைக் கட்டினார். எட்டு நாள்! செவிலியர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு மருந்து கொடுத்தார்கள். மளிகைக்கடைப் பெண் பையை நீட்டிவிட்டுக் கூரையைப் பார்த்தாள். நம் பாதிரியார் ஜெபத்தில், "ஆண்டவரே, சனிக்கிழமை நடந்தது உமக்குத் தெரியும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஒன்பதாம் நாள் மிஸ் ஒலீட்டா வீட்டுக்கு வந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, என்னோடு முழு ஆட்டத்தையும் முதல் தடவை பார்ப்பவர்போலவே பார்த்தார். தோற்றோம் என்று அவருக்குத் தெரியும். கடைசி நிமிஷம்வரை முகத்தில் காட்டவே இல்லை. அன்றைக்குத்தான் நான் இந்த ஊர்க்காரி ஆனேன்.

அந்த அட்டையைப் பற்றித்தான் இன்று நான் பேசியாக வேண்டும். பேசாமல் இருக்க எனக்குத் தைரியம் இல்லை.

சாம்பியனை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்று என்றால் அவருக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். "அந்தக் காலத்துல பேப்பர்காரங்க ஓட்டுப் போட்டு இவன்தான் சாம்பியன்னு சொல்லிடுவாங்க. அப்புறம் ரெண்டு டீம், அப்புறம் நாலு. இப்ப பன்னெண்டு. இப்படியே கதவத் தொறந்துக்கிட்டே வந்தா, நான் சாகறதுக்குள்ள நம்ம பசங்களும் ஒரு நாள் உள்ள நுழைஞ்சிடுவாங்க" என்பார். இந்த ஆண்டு அந்தக் கதவு திறக்க ஒரே ஒரு வெற்றிதான் பாக்கி இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஆட்டம் மூன்று மணிக்கு. அதே நேரத்தில் பாடகர் குழுக் குழந்தைகளைப் பக்கத்து நகரத்துக் கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்கு அழைத்துப்போக ஓட்டுநர் இல்லை. யார் போனார்? வேறு யார் போவார்! ஆட்டத்தைப் பதிவுக்குப் போட்டுவிட்டு அவரே போனார். ஆறு மணிக்குத் திரும்பினார், அட்டையை மாட்டினார், கதவைச் சாத்தினார்.

கூடுதல் நேரத்தில் வென்றோம். ஊரே ஹாரன் அடித்தது. ஆனால் அவர் வீடு இருக்கும் பீக்கன் தெருவில்? ஒரு சத்தம் இல்லை! அந்தத் தெருமுனைக்கு வந்ததும் வண்டிகள் மெல்ல ஊர்ந்தன. பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தார்கள். அவருக்காக நம் மகிழ்ச்சியைக்கூட அடக்கிக்கொண்டோம். எவ்வளவு பெருமையாக இருந்தது நமக்கு!

எட்டு மணிக்கு வாழைப்பழப் புட்டிங் செய்து எடுத்துக்கொண்டு நான் போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் டிவி வெளிச்சம் அசைந்தது. அட்டை தொங்கியது. மதியம் அனுப்பிய செய்திக்கு அவர் பதில் போடவில்லை என்பது எனக்கு நினைவிருந்தது. தட்டலாமா என்று கையைத் தூக்கினேன். என் முகத்தைப் பார்த்தாலே அவர் கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

நான் மட்டுமா? அன்று மாலை அந்தப் படி ஏறி, அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஐந்து பேர்.

மறுநாள் பதினோரு மணிக்குக் கூடத்து டிவியில் பிளேஆஃபுக்குத் தேர்வான பன்னிரண்டு அணிகளின் பெயர்களையும் அறிவித்தார்கள். பதினோராவது இடம், மீன்கொத்திகள்! எல்லோரும் ஒரே நேரத்தில் அவருடைய நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். காலி. கத்தியவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

"வீடு பத்தி எரிஞ்சாலும் இதுக்கு வந்திருப்பாளே" என்றார் திரு. டர்மன். அவர் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை.

ஓடினோம். புட்டிங் வைத்த இடத்திலேயே இருந்தது. ஹாய்ட் கதவை உடைத்தார். சமையலறைக்கும் நாற்காலிக்கும் நடுவே மிஸ் ஒலீட்டா கிடந்தார். எதிரே திரையில், வெகு நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் செயலி கேட்கும் அந்த ஒரே ஒரு வரி. "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?"

நண்பர்களே, அந்த வீட்டில் அவரைக் கேள்வி கேட்டது அந்தத் திரை மட்டும்தான்! அவர்மேல் உயிரையே வைத்திருந்த நாம் ஒருவரும் கேட்கவில்லை!

ஹாய்ட் அவர்களிடம் தனியாகக் கேட்டேன். "எட்டு மணிக்கு நான் தட்டியிருந்தா?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "தெரியாது, கெரிஸ். பொய் சொல்ல மாட்டேன். தெரியாது."

இந்தத் "தெரியாது" இனி என்னோடுதான் இருக்கும். நான்கு நாளாக ஜூனி மூச்சு விடுகிறாளா என்று மணிக்கு நாலு தடவை எழுந்து பார்க்கிறேன். இப்போதும் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுத்தான் இந்த வரியை எழுதுகிறேன்.

அவர் எதுவரை பார்த்தார்? வென்றதைப் பார்த்தாரா? யாருக்கும் தெரியாது. அடக்கத்தின்போது திரு. டர்மன் பெட்டியருகே குனிந்து, "இருபத்தேழு, இருபத்து நாலு, ஒலீட்டா. கூடுதல் நேரத்துல. திட்டணும்னா திட்டிக்கோ" என்றார். நாற்பது ஆண்டில் அவர் அந்தச் சட்டத்தை வேண்டுமென்றே மீறியது அந்த ஒரு முறைதான்.

வரும் சனிக்கிழமை முதல் சுற்று. துக்கத்தின் அடையாளமாகக் கூடத்தை இந்தப் பருவம் முழுக்க மூடிவைக்கலாம் என்று சிலர் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். வேண்டாம், பெரியவர்களே! அவர் வாழ்நாளெல்லாம் காத்திருந்த ஆட்டம் இது. அதைப் பூட்டிய கதவுக்கு வெளியேயா நிறுத்துவது? கூடம் திறக்கட்டும். வியாழக்கிழமைப் பட்டியலை நான் எழுதுகிறேன். அவருடைய நான்கு பேனாக்களும் என்னிடம் இருக்கின்றன. ஜூனி இருமினாலும் எழுதுவேன்.

அட்டையும் இருக்கட்டும். முடிவைச் சொல்லாமலே இருப்போம். ஆனால் இனிமேல் அட்டை தொங்கும் கதவை ஒருவர் கட்டாயம் தட்ட வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டாம், முதுகைத் திருப்பிக்கொண்டு தட்டுங்கள். உள்ளேயிருந்து "இன்னும் பாக்கல, போ!" என்று ஒரு அதட்டல் கேட்ட பிறகுதான் படி இறங்க வேண்டும். தனியாக இருக்கும் ஒவ்வொருவரையும் இடைவேளையில் நானே கூப்பிடுவேன். மிஸ் ஒலீட்டா கேட்லின் பெயரால் இது என் உறுதிமொழி. உங்களுடையதாகவும் இருக்கட்டும்.

மிஸ் ஒலீட்டா, நான் தட்டியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்.

ஊராரே, கூடத்தைத் திறப்பதைப் பற்றி உங்கள் எண்ணம் எதுவானாலும் அதைப் பிறகு சொல்லுங்கள். இதைப் படித்ததும் "இருக்கேன்" என்று ஒரே ஒரு வார்த்தை எனக்குப் பதில் போடுங்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். தயவுசெய்து சீக்கிரம் போடுங்கள்.