போர்த்தாத பதினான்கு சால்வைகள்

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர், மேட்டுப்பாளையம் காய்கறி மண்டி உரிமையாளர் திரு. லட்சுமணசாமி அவர்களே! காரமடை வட்டாரக் கணிப்பொறிப் பயனாளர் சங்கத்தின் செயலாளரும் அச்சகத்தாருமான திரு. நசுருதீன் அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு வீற்றிருக்கும் என் வயதொத்த பெரியோர்களே! சமையலைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து, சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கும் தாய்மார்களே! கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மேடையில் அமர்ந்திருக்கும் விழா நாயகி அன்புச்செல்வி அவர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நான் களைத்திருக்கிறேன். முப்பத்துநான்கு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன். ஓய்வுக்குப் பின் பாராட்டு விழாக்களில் பேசுவதே என் வேலையாகிவிட்டது. இந்த ஆண்டில் இது பதினோராவது மேடை. எங்கும் அதே ஒலிபெருக்கி, அதே கரகரப்பு, அதே “பாராட்ட வார்த்தைகள் இல்லை”. வார்த்தை இல்லாதவர்கள்தாம் நாற்பது நிமிடம் பேசினார்கள். சிரிக்காதீர்கள், அவர்களில் நானும் ஒருத்தி.

யாரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம்? அன்புச்செல்வி பகலில் ஒரு பம்ப் தொழிற்சாலை அலுவலகத்தில் கணிப்பொறி இயக்குகிறாள். மாலையில் போத்தனூர் வீட்டில், எவரும் கேட்காமலே, தன் ஆர்வத்துக்காக மென்பொருள் எழுதினாள். தமிழில் தட்டெழுத ‘வரப்பு’. மண்டிச் சீட்டுகளைத் தமிழில் அச்சிடத் ‘தராசு’. மின்சாரம் போனாலும் எழுதியது போகாமல் காப்பாற்ற இன்னொன்று. நம் ஊர் மின்வெட்டு அதற்குப் பெயர் வைக்கக்கூட அவகாசம் தரவில்லை.

எழுதியதைப் பூட்டி வைத்தாளா? விலை பேசினாளா? “இது கட்டில்லாத மென்பொருளுங்க. பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம்” என்று மூலநிரலோடு பிளாப்பியில் பதிந்து நீட்டினாள். மண்டி எடுத்தது. அச்சகம் எடுத்தது. பள்ளி எடுத்தது. பல்லைக் காட்டிக்கொண்டு நானும் எடுத்தேன்.

இந்த வேலைக்கு அவள் பணம் கேட்கவே இல்லையா? கேட்டாள், கேட்டவிதம்தான் நமக்குப் பிடிபடவில்லை. மென்பொருளுக்கு விலை வேண்டாம், பயன்படுத்தும் முறையைக் கையேடாக அச்சிட்டு அறுபது ரூபாய்க்கு விற்கிறேன் என்றாள். விற்றது ஒரே பிரதி. மற்றவர்கள் அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டோம். ஏன் இப்படி என்று ஒரு வியாபாரியைக் கேட்டேன். “ஏனுங்கம்மா, புரோகிராமே சும்மா குடுக்கற புள்ள, புக்குக்கு மட்டும் காசு கேக்குமுங்களா?” என்றார். பெயரைச் சொல்லமாட்டேன். அவர் இப்போது தலைவர் நாற்காலியில் அமர்ந்து என்னை முறைக்கிறார்.

அடுத்து இன்னொரு வழி சொன்னாள். புதிதாக ஒரு வசதி வேண்டுமென்பவர் அந்த வேலைக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். செய்தபின் அது எல்லோருக்கும் பொது. என்ன நடந்தது? எவர் முதலில் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒருவர் கொடுத்தால் மற்றவர்க்கு இலவசமாயிற்றே! மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம்.

இந்தச் சித்திரையில் அவளுடைய ஹார்டு டிஸ்க் செத்தது. இன்னும் ஐந்து மாதத்தில் இரண்டாயிரமாவது ஆண்டு பிறக்கிறது. தராசுக்கோ ஆண்டு என்றால் இரண்டே இலக்கம். திருத்தாவிட்டால் தலைவரின் தக்காளிச் சீட்டு நூறாண்டு பின்னுக்குப் போய் நிற்கும். திருத்த அவளிடம் இயந்திரம் இல்லை. புது டிஸ்க் வாங்கச் சங்கத்திடம் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்டாள். நிதி இல்லை என்று தீர்மானம் போட்டோம். அடுத்த கூட்டத்திலேயே அவளுக்குப் பாராட்டு விழா எடுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். சங்கத்தார் பதினான்கு பேர், ஆளுக்கு ஒன்றாகப் பதினான்கு சால்வைகள், ஒன்று முந்நூற்றைம்பது. பெருக்கிப் பாருங்கள்: நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இரண்டு தீர்மானங்களுக்கும் கை தூக்கியவர்களில் நானும் உண்டு. புள்ளியியல் படித்தவள்!

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். செத்த கணிப்பொறிமேல் முந்தைய விழாக்களின் சால்வைகள் நான்கு மடிப்பாகக் கிடந்தன. “தூசி அண்டாம இருக்குதுங்க. அதுக்காச்சும் ஆச்சு” என்றார் அவள் தாயார் ராமாத்தாள். பெங்களூர் நிறுவனம் ஒன்று வேலைக்கு அழைத்திருக்கிறதாம். சேர்ந்தால் சொந்த மென்பொருள்களில் இனிக் கை வைக்கக்கூடாதென்று ஒப்பந்தம். நாளை, திங்கட்கிழமை, பதில் சொல்லவேண்டும். “சம்பளத்துக்கா கண்ணு?” என்றேன். “இல்லீங்கம்மா. அங்க போனா மெசினு இருக்கும். இங்க எதை வெச்சு வேலை செஞ்சுபோடறதுங்க?” என்றாள்.

நான் அவளுக்கு அறிவுரை சொல்லவில்லை. அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உங்களைக் கேட்கிறேன். நாலு பங்காளிகளின் கூட்டுக் கிணற்றில் மோட்டாரின் காயில் கம்பி கருகினால் என்ன செய்கிறீர்கள்? முதலில் யார் கொடுப்பதென்று மூன்று ஆண்டு காத்திருக்கிறீர்களா? மோட்டாரை மேடையேற்றி மாலை போடுகிறீர்களா? அதன் தியாகத்தை வியந்து கவிதை படிக்கிறீர்களா? அதற்குச் சால்வை போர்த்துகிறீர்களா? அன்று மாலையே பங்கு பிரித்து, புதுக் காயில் கட்டி, தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்! அந்த அறிவு வயலில் இருக்கிறது. சங்கத்துக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து வாசலில் கழற்றிவிடுகிறோம். மோட்டாருக்குக் கொடுப்பது தருமம் என்று எவராவது சொல்வாரா? பிறகு இவளுக்குக் கொடுப்பது மட்டும் எப்படித் தருமம் ஆயிற்று? ஆண்டுக்கு ஆளுக்கு நூறு ரூபாய், பராமரிப்புப் பங்கு. அவ்வளவுதான்.

தலைவர் எழுந்துவிட்டார். “அழைப்பிதழ்ல பொன்னாடை போர்த்துதல்னு போட்டாச்சுங்களே அம்மா!” என்கிறார். உட்காருங்கள் ஐயா. அழைப்பிதழையும் இவர் ‘தராசு’ மென்பொருளில்தான் அடித்தார் போலிருக்கிறது. பிழை இருந்தால் திருத்தலாம்.

வரும் வழியில் சால்வைக் கடைக்காரரிடம் விசாரித்தேன். மடிப்புக் கலையாமல், விலைச் சீட்டுக் கிழியாமல் இருந்தால் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தருவாராம். ஆகவே பதினான்கு பேருக்கும் என் வேண்டுகோள்: போர்த்தாதீர்கள்! என் சால்வையை முதலில் இந்த மேசைமேல் வைக்கிறேன். அதன்மேல் அறுபது ரூபாய்; மூன்று ஆண்டு தாமதமான கையேட்டின் விலை. ஜெராக்ஸ் என் பையில்தான் இருக்கிறது.

இதற்குப் பிறகும் நாளை அவள் பெங்களூருக்குக் கையெழுத்திட்டால் நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். இயந்திரம் இல்லாததால் போனாள் என்ற பெயர் மட்டும் நமக்கு வேண்டாம்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கேட்காமல் பேசிக்கொண்டிருந்த மூன்றாம் வரிசைக்கும் நன்றி. நசுருதீன் அவர்களே, மோட்டார் சைக்கிளை எடுங்கள். சால்வைக் கடையை எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள். வணக்கம்.