பக்கத்தில் கிடந்த கை

— பாலா, இதைக் கொஞ்சம் தள்ளி வையேன். யாரோட கையோ என் மேல கிடக்கறது.

— யாரோட கையா? ஏன்னா, உங்க இடது கைதான் அது.

— இல்லைடி. ஜில்லுன்னு இருக்கு, மரியாதை தெரியாத கை. போறது, கிடக்கட்டும். கட்டில் நன்னா மிதக்கறது. முடிச்சூர்ல வெள்ளம் வந்தப்போ நம்மாத்து பீரோ மிதந்ததே, அப்படி. தாம்பரம் வண்டி தண்ணிக்கு அடியில போறது, உனக்குக் கேக்கறதோ?

— நிமோனியான்னு சேர்த்து மூணு நாளாறது, ஒரு நாளும் இப்படிப் பேசலையே. வாய் வேற ஒரு பக்கம் இழுத்துண்டிருக்கு. இருங்கோ, சிஸ்டரைக் கூப்பிடறேன்.

— கூப்பிடாதே. அமைதியா இருக்கு. கெடுக்காதே.

— ஜெயசீலி, இங்க வாயேன்மா. இவரைப் பாரு.

— இன்னா சார், காலையில என்னைத் திட்டினீங்களே, இப்ப சிரிக்கிறீங்க? எங்க, ரெண்டு கையையும் தூக்குங்க.

— தூக்கிட்டேன்.

— ஒண்ணுதான் சார் வந்திருக்கு.

— இன்னொண்ணு என்னோடது இல்லைங்கறேனே.

— அம்மா, கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? மணி கரெக்டா வேணும்.

— ஒம்பதரைக்கு ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டு பேப்பர் படிச்சுண்டிருந்தார். நான் பாத்திரம் அலம்பிண்டு வந்தேன். இப்ப மணி பத்து.

— பெல் அடிச்சுட்டேன், ஸ்கேனுக்குக் கூட்டிகினு போக ஆள் வராங்க. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும் போல. ஜுரத்துல உடம்புல தண்ணி வத்தினா ரத்தம் சீக்கிரம் உறையும். அதோட இருதயத் துடிப்பும் தாறுமாறா இருந்தா கேக்கவே வேணாம். சார், உங்களுக்கு அது இருக்குதா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?

— எங்க வம்சத்துல அதெல்லாம் கிடையாது. எங்கப்பா எண்பத்தெட்டு வயசுல நின்னுண்டே போனார். ஃபாரத்துல எழுதிக் கொடுத்திருக்கேன், பாரு.

— பார்த்தேன். எல்லாத்துக்கும் இல்லைன்னு ஒரே கோடா இழுத்திருக்கீங்க. அதான் வாயால கேக்கறேன்.

— வெள்ளிக்கிழமை பேத்தி மிருதுளாவுக்கு நிச்சயதார்த்தம். மேடவாக்கத்துலேர்ந்து வந்த பிள்ளையாத்துக்காரா முதல்ல கேட்டதே, குடும்பத்துல இருதயக் கோளாறு, பக்கவாதம் உண்டாங்கறதுதான். இந்த பத்ரி சொல்றேன், இல்லைன்னேன். அதை நம்பித்தான் தட்டு மாத்த வரா. நீ எழுதி வச்சா, நாளைக்கு என்னைப் பார்க்க ஆப்பிளோட வந்து அவாளே படிப்பா.

— படிக்க விட மாட்டேன். கேளுங்க சார். அடைப்பைக் கரைக்க ஒரு ஊசி கீது. சீக்கிரம் போட்டா கை திரும்பி வரலாம். ஆனா ரெண்டு நாளுக்குள்ள அந்த மாத்திரை சாப்பிட்டிருந்தா, அதே ஊசி மூளைக்குள்ள ரத்தத்தைக் கசிய வச்சிரும். உசுருக்கே ஆபத்து. நீங்க இல்லைன்னா, நானும் டாக்டர்கிட்ட இல்லைன்னுதான் சொல்வேன்.

— தண்ணி கழுத்து வரைக்கும் வந்துடுத்து பாலா. சுகமா இருக்கு.

— ஏன்னா, என்னைப் பாருங்கோ. தூங்காதேங்கோ.

— நீ கொஞ்சம் வெளியில போ. இவகிட்ட ஒண்ணு சொல்லணும்.

— நான் எங்கயும் போகலை.

— சரி, நீயும் கேளு. உனக்கே தெரியாது. ரெண்டு வருஷமா என் இருதயம் தாளம் தப்பி அடிக்கறது. வாக்கிங்னு சொல்லிட்டு, கீழ்க்கட்டளையில ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்துண்டிருந்தேன். மாத்திரையை ஷேவிங் பையில வச்சுண்டேன். இங்க சேர்ந்த அன்னிக்கு, நர்ஸ் கண்ணுல படுமேன்னு நிறுத்தினேன். மூணு நாளாச்சு. எழுபத்தாறு வயசுல இன்னிக்குத்தான் தலை குனியறேன்.

— எதுக்கு சார் குனியணும்? மூணு நாளா சாப்பிடலைன்னா ஊசிக்கு அந்தத் தடை இல்ல. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடறேன். அம்மா, நகருங்க, ஸ்ட்ரெச்சர் வந்திருச்சு.

— நில்லு ஜெயசீலி, அப்படிச் சொல்லாதே. அந்தப் பையில இருக்கற அட்டையில மாத்திரை குறையறதை ரெண்டு வருஷமா நானும் பார்த்துண்டுதான் இருக்கேன். மூணு நாளா குறையலையேன்னு பயந்து, இன்னிக்குக் காலையில கஞ்சியில பொடிச்சுக் கலந்து நான்தான் கொடுத்தேன்.